முடக்குவாதம்: வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வலி இருந்தால் நோய் இருக்கிறது, வலி போனால் நோயும் போய்விட்டது என்ற கணக்கு முடக்குவாதத்தில் செல்லாது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. வலி மாத்திரை வலியை அடக்கும், தாக்குதலை நிறுத்தாது. அதை வைத்தே மாதக்கணக்கில் ஓட்டினால் உள்ளே எலும்பு அரித்துக்கொண்டே போகும். அப்படிக் கோணிப்போன விரலைப் பிறகு மருந்தால் நேராக்க முடியாது.

நோயையே கட்டுப்படுத்தும் மருந்துகளில் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். உயிருக்கே ஆபத்தான தவறு நடப்பதும் இதில்தான். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்தைத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். 2.5 மி.கி. மாத்திரையும் உண்டு, 10 மி.கி. மாத்திரையும் உண்டு, அட்டை மாறினால் கேட்காமல் போடாதீர்கள். நோயாளிக்கு மருந்தைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை வெறும் சத்து மாத்திரை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கவிளைவைக் குறைக்கத்தான் அது. கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெற நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம்கூட ஆகலாம். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள் ஒருபக்கம், நன்றாக இருப்பதால் நிறுத்திவிட்டு மறுபடி வீங்கிப்போய் வருகிறவர்கள் இன்னொருபக்கம்.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து வேகமாகக் கேட்கும். மயக்குவதும் அந்த வேகம்தான். தானாகவே வாங்கித் தொடர்ந்தால் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். நெடுநாள் சாப்பிட்டதைச் சட்டென நிறுத்தினாலும் ஆபத்து. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி ஓரிரு நாளில் வலியை வாங்கிவிட்டால், அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுவதே நல்லது.

மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது அதற்கு ஓய்வு கொடுங்கள். மற்ற நாட்களிலும் அசையாமலே கிடந்தால் தசை இளைத்து, மூட்டு இன்னும் இறுகும். புகைப்பது நோயை முற்ற வைக்கும். மருந்தையும் சரியாக வேலை செய்ய விடாது.

காய்ச்சல், விடாத இருமல், வாய்ப்புண் என்று ஏதாவது வந்தால், அந்த வார மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைப் போடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.