கற்பூரவல்லியை வாட்டிப் பிழிந்தபோது

மழைக்காலம் வந்தாலே என் 6 வயது மகளுக்குச் சளி பிடித்துவிடும். மாடித் தொட்டியில் கற்பூரவல்லி செழித்துக் கிடந்தது. பச்சை இலையை இடித்துச் சாறு கொடுத்தேன். காரம் சுரீரென்று ஏற, துப்பிவிட்டாள். கஷாயம் வைத்தேன். வீடே மணத்தது, அவள் வாயைத் திறக்கவில்லை.

மாமியார்தான் வழி காட்டினார். 2 இலையைக் கழுவித் துடைத்து, அடுப்புத் தணலில் இருபுறமும் வாட்டினார். இலை துவண்டதும் விரலால் கசக்கினாலே சாறு சொட்டியது, காரமும் தணிந்திருந்தது. ஒரு ஸ்பூன் சாற்றுக்கு அரை ஸ்பூன் தேன். (ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) மகள் மறுக்காமல் குடித்தாள். தொண்டை இதமாகி அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். காய்ச்சல், மூச்சிரைப்பு என்றால் இதை நம்பி உட்காரமாட்டேன், நேராக மருத்துவரிடம்தான்.

ஓமத்துக்கு மணம் தரும் தைமால் இந்த இலையிலும் உண்டு. கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்ற இன்னொரு பெயர் எவ்வளவு பொருத்தம்!

மீதி இலை பஜ்ஜிக்கு. முதல் தடவை ஈரத்தோடு மாவில் தோய்த்ததால் சொதசொதவென்று ஆகிவிட்டது. இப்போது துணியில் ஒற்றி எடுத்து, கடலை மாவோடு கொஞ்சம் அரிசி மாவும் சேர்க்கிறேன். மொறுமொறுவென்று வருகிறது.