பயனர் குழு நடத்துகிறீர்களா? எது யார் கையில் இருக்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள்

திறமூல மென்பொருள் (மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) பயனர் குழு ஒன்றைத் தொடங்குவது சுலபம். நாலு பேர் சேர்ந்து தேதி குறித்து, ஒரு இடம் பிடித்து, வந்தவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தால் குழு பிறந்துவிட்டது. அது ஐந்தாறு வருடம் தாண்டி நிற்க வேண்டும் என்னும்போதுதான் நிர்வாகம் என்ற பேச்சு வருகிறது, அந்தப் பேச்சை எடுத்தாலே பலர் முகம் சுளிப்பார்கள். "நமக்குள்ள எதுக்குங்க விதியெல்லாம்" என்பார்கள். விதி இல்லாத குழுவிலும் யாரோ ஒருவர் முடிவெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அது யார் என்று பழையவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவருக்குத் தெரியாது. ஒரு யோசனையை யாரிடம் சொல்வது, யார் சரி என்றால் வேலையைத் தொடங்கலாம் என்று புரியாமல் ரெண்டு கூட்டத்துக்கு வந்துவிட்டு அவர் நின்றுவிடுவார். அதனால் எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். சண்டை வந்தபின் எழுதும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவரைக் குறிவைத்ததாகவே படிக்கப்படும்.

சொத்துப் பட்டியல்

விதிகளுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டொமைன் பெயர், சர்வர், சமூக ஊடகக் கணக்குகள், அரட்டை அறையின் அட்மின் உரிமை, வீடியோ சேனல், லோகோவின் மூலக் கோப்பு, வங்கிக் கணக்கு இருந்தால் அது. ஒவ்வொன்றுக்கும் எதிரே: யார் பெயரில் இருக்கிறது, யார் யாரால் உள்ளே நுழைய முடியும், எப்போது புதுப்பிக்க வேண்டும். எதிலாவது ஒரே ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் அன்றைக்கே இரண்டாவது ஆளைச் சேர்த்துவிடுங்கள். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் ஒருவரின் பழைய அலுவலக முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும், அவர் வேலை மாறியதும் அந்த முகவரி செத்துப்போகும், குழுவின் பெயர் வேறு எவனோ கைக்குப் போயிருக்கும். எனவே தனிநபர் முகவரி வேண்டாம், பொறுப்புக்கென்று ஒரு பொது முகவரி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளைக் கீபாஸ்எக்ஸ்சி, பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டுப் பெட்டக மென்பொருள் ஒன்றில் போட்டு இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஒருவருடைய போனில் மட்டும் இருந்தால் பாஸ்வேர்டைப் பகிர்ந்தும் பயனில்லை, மீட்புக் குறியீடுகளையும் அதே பெட்டகத்தில் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பெயர் கைவிட்டுப் போவது பெரிய திட்டங்களுக்கே நடந்திருக்கிறது. ஓப்பன் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் சமூகத்தினர் 2010 செப்டம்பரில் தனி அமைப்பாகப் பிரிந்தபோது பழைய பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்தது, அதனால் லிப்ரே ஆஃபீஸ் என்று புதுப் பெயரில் தொடங்க வேண்டியதாயிற்று. 2021 மே மாதம் ஃப்ரீநோட் அரட்டை வலையமைப்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற தகராறில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூட்டமாக விலகி லிபெரா சாட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டிலும் உழைத்தவர்களின் கையில் பெயர் இல்லை.

ஒரு பக்க சாசனம்

ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். குழு எதற்காக, யார் உறுப்பினர், யார் எதை முடிவு செய்யலாம், பதவிக்காலம் எவ்வளவு, இந்தப் பக்கத்தையே எப்படித் திருத்துவது, குழுவை எப்படி மூடுவது. இவ்வளவு போதும்.

யார் உறுப்பினர் என்பதில்தான் நிறையக் குழுக்கள் தடுமாறும். அரட்டை அறையில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருக்கும், கூட்டத்துக்கு வருவது பத்துப் பதினைந்து பேர். கடந்த ஒரு வருடத்தில் மூன்று கூட்டமாவது வந்தவர், அல்லது ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்தவர் ஓட்டுப் போடலாம் என்று வைப்பது நியாயமாக இருக்கும். குறைந்தபட்சம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டால் முடிவு செல்லும் என்பதற்குப் பாதிப் பேர் என்று எழுதினால் எந்த முடிவும் நிறைவேறாது. இதற்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் சாசனம் (1998 டிசம்பரில் ஏற்கப்பட்டது) ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறது: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆயிரம் பேர் இருந்தால் 48 பேர், உங்கள் குழுவில் 64 பேர் இருந்தால் 12 பேர். குழு வளர்ந்தாலும் எட்டக்கூடிய எண்ணாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடவும் கூடாது. சின்ன விஷயங்களை, அதாவது அடுத்த மாதத் தலைப்பு, சுவரொட்டியின் நிறம் போன்றவற்றை, வேலையைச் செய்பவரே முடிவு செய்யட்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. நடுத்தரமானவற்றுக்கு அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் திட்டங்களில் இருக்கும் வழக்கம் உதவும்: முன்மொழிவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கிறீர்கள், 72 மணி நேரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகிவிடும். மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும், "எனக்கென்னவோ சரியாப் படலை" என்பது காரணமில்லை. பயனர் குழுவில் பலர் வார இறுதியில்தான் எட்டிப் பார்ப்பார்கள், எனவே ஏழு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. சாசனத் திருத்தம், பெயர் மாற்றம், ஒருங்கிணைப்பாளர் தேர்வு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட செலவு, இவை மட்டும் ஓட்டுக்கு. அப்புறம், கூட்டம் முடிந்து வாசலில் நின்று பேசி எடுத்த முடிவு எழுத்தில் வராத வரை அது முடிவே இல்லை என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

பதவிக்காலம் கட்டாயம் வேண்டும். பைத்தான் நிரல் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். அடுத்து யார், எப்படி என்பதை அதன்பின்தான் விவாதித்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஐந்தில் மூன்று பேர் ஒரே நிறுவனமாக இருந்தால் உங்கள் கூட்டங்கள் மெல்ல அந்த நிறுவனத்தின் விளம்பர மேடையாகிவிடும். இரண்டு வருடப் பதவி, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது, எல்லோரும் ஒரே நாளில் வெளியேறாதபடி பாதிப் பாதியாகத் தேர்தல். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் "தொடர விருப்பமா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள், பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். களைத்துப்போன தன்னார்வலர் தானாக வந்து விலகுகிறேன் என்று சொல்ல மாட்டார், கூச்சப்படுவார். அவருக்கு மரியாதையான ஒரு வாசலைத் திறந்து வைப்பது நம் கடமை.

நடத்தை விதி

வாசகங்களை நீங்களே எழுத வேண்டாம். 2014இல் வெளியான கன்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதித் தொகுப்பு மாதிரி ஏற்கெனவே தயாராக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். உழைப்பு தேவைப்படும் இடம் வேறு: புகாரை யார் வாங்குவது? குறைந்தது இரண்டு பேர், இருவரும் ஒரே நட்பு வட்டமாக இருக்கக் கூடாது, இருவரும் ஆண்களாகவும் இருக்கக் கூடாது. அந்த இருவரில் ஒருவர் மீதே புகார் வந்தால் யாரிடம் போவது? எத்தனை நாளில் முதல் பதில்? புகார் கொடுத்தவரின் பெயரை யார் யார் பார்க்கலாம்? எச்சரிக்கை, சில மாத விலக்கு, நிரந்தர விலக்கு என்ற படிகளில் எதை யார் விதிக்கலாம்? இவற்றுக்குப் பதில் எழுதாமல் விதியை மட்டும் ஒட்டி வைத்தால், முதல் புகார் வரும் நாளில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், பாதிக்கப்பட்டவர் அதற்குள் போய்விடுவார்.

பெரிய அத்துமீறல்களைவிடப் பயனர் குழுக்களை அதிகம் அரிப்பது தினசரி அலட்சியம். வைஃபை வேலை செய்யவில்லை என்று கேட்டவரிடம் "மேனுவலைப் படிங்க" என்பது, எளிதான லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருப்பவரை இளக்காரமாகப் பார்ப்பது, இன்னும் விண்டோஸ் பயன்படுத்துபவரைக் கேலி செய்வது. இதையும் நடத்தை விதியில் பெயர் சொல்லிச் சேருங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் புதியவர்களை வரவேற்கவென்றே ஒருவரை நியமியுங்கள், அந்த நாளில் அவருக்கு வேறு வேலை கூடாது.

பணமும் மூடுவிழாவும்

முடிந்தவரை பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இடவாடகையை ஆதரவாளர் நேரடியாகக் கட்டிவிடட்டும். டெபியன்கூடத் தன் பணத்தையும் பெயர் உரிமையையும் சட்டப்படி வைத்துக்கொள்ளத் தனி அமைப்பைத்தான் நாடியது, சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் 1997இல் பிறந்தது அதற்காகத்தான். பணம் வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் ஒப்புதல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு பொதுவில். ஆதரவாளரின் லோகோ போடலாம், பேச்சாளரை அவர் தேர்வு செய்ய முடியாது என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக மூடும் விதி. பன்னிரண்டு மாதம் கூட்டமே நடக்காமல், பொறுப்புக்கும் யாரும் முன்வராவிட்டால் குழு மூடப்படும். மிச்சப் பணம் சாசனத்தில் பெயர் குறிப்பிட்ட ஒரு திறமூலத் திட்டத்துக்குப் போகும், உரைகளும் குறிப்புகளும் பொதுக் காப்பகத்தில் ஏற்றப்படும், டொமைனை இன்னும் ஒரு வருடம் உயிரோடு வைத்திருந்து அதில் காப்பகத்தின் இணைப்பு மட்டும் காட்டப்படும். இதைச் செய்ய வேண்டிய இரண்டு பேரின் பெயரை இப்போதே, அவர்களிடம் கேட்டு, சாசனத்தின் அடியில் எழுதுங்கள்.