கணினிக்கு ஏறும் பள்ளிப் பதிவேடு: பெயரிலேயே இடறும் தவறுகள்

யாங்கோனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் சேர்க்கைப் பதிவேட்டை எக்செலில் ஏற்றி அகரவரிசைப்படுத்தினோம். பையன்களில் பாதிப் பேர் 'மௌங்' என்ற அடைமொழியின் கீழ் வரிசையாகப் போய் நின்றார்கள். பெண்பிள்ளைகள் 'மா'வின் கீழ்.

பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. வெளியூர் மென்பொருளோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் விடாது. எழுதுபவர் பெயரைக் கைக்கு வந்தபடி இரண்டாக வெட்டுவார். அடுத்த ஆண்டு வருபவர் வேறு இடத்தில் வெட்டுவார். ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் முருகன், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர் என்பதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முழுப்பெயருக்கு ஒரே கட்டம், அடைமொழிக்குத் தனி, வீட்டுப்பெயருக்குத் தனி, அப்பா பெயருக்குத் தனி என்று வையுங்கள். பிள்ளையை அடையாளம் காணச் சேர்க்கை எண்ணை நம்புங்கள். சிலருக்கு 'மௌங்' பெயரோடு சேர்ந்ததாகவே இருக்கும். பெற்றோரைக் கேட்காமல் நீக்காதீர்கள்.

அடுத்தது எழுத்துரு. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் பெரும்பாலோர் அடித்தது ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை யூனிகோடில் திறந்து தவித்தவர்களுக்கு இந்த அவதி புரியும். ஆனால் பாமினி என்றால் கண்ணில் பட்டுவிடும். ஸோஜி, யூனிகோடின் பர்மிய இடங்களையே எடுத்துக்கொண்டு எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்குவதால், சில பெயர்கள் சரியாகவே தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. பழைய கோப்புகளை முதலில் மாற்றிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு ஒன்றுசேருங்கள்.

சம்பளத் தொகையைப் பர்மிய இலக்கத்தில் அடித்தால் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், கூட்டாது. 0047 என்ற சேர்க்கை எண் 47 ஆகச் சுருங்கும். சேர்க்கை எண் கட்டத்தை முன்பே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள்.

கரண்ட் போகும் ஊரில் காகிதத்தைக் கைவிடவே கூடாது. அதற்காக ஆசிரியரை இரண்டு தடவை எழுதவைப்பதும் கொடுமை. மாதாமாதம் அச்செடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதும். கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது இன்னொரு வம்பு.

பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு முகவரியோடு மொத்தப் பட்டியலையும் வைபர் அரட்டைச் செயலியின் குழுவில் போடுகிறார்கள். இந்த ஊரில் அது ஏன் கூடாது என்று நான் விளக்க வேண்டியதில்லை.