பொன்னொளி இங்கே 25 நிமிடம்தான்

ஆளைப் படம் எடுக்க ஏற்ற மாலைப் பொன்னொளி ஒரு மணி நேரம் இருக்கும் என்று யூடியூப்பில் சொல்வது குளிர் நாட்டுக் கணக்கு. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் நெட்டுக்குத்தாக இறங்கும். வெயில் மஞ்சளாகத் தொடங்கியதிலிருந்து மறையும்வரை 25 நிமிடம் கிடைத்தால் அதிகம். பிப்ரவரியில் 7.20 வாக்கில் மறைகிற சூரியன், தீபாவளியை ஒட்டிய நாள்களில் 6.50க்கே போய்விடும். மரினா பராஜ் அணைக்கட்டின் புல்தரையில் இன்னும் சீக்கிரம், மேற்கே கட்டடங்கள் மறித்துக்கொள்ளும். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பேன்.

வேறொரு காரணமும் உண்டு. ஒருமுறை எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து நேராக வெளியே வந்து கேமராவை எடுத்தேன். லென்ஸ் முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்தது. பட்டுப்புடவையில் அக்கா காத்து நிற்க, நல்ல வெளிச்சமெல்லாம் கண்ணெதிரே போனது. இப்போதெல்லாம் பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிடுகிறேன்.

சூரியன் ஆளின் முதுகுப்பக்கம், சற்றே ஒரு தோளோரமாக இருக்கட்டும். கூந்தலிலும் மல்லிகைச் சரத்திலும் ஒளிக்கோடு விழும். முகம் இருண்டால் வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, யாரையாவது இடுப்புயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒளியை முகத்துக்குத் திருப்ப கடையில் வாங்கும் ரிஃப்ளெக்டரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், ஒளி மென்மையாக வரும்.

அடுத்தது மிக முக்கியம். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளந்தால், கேமரா எந்தத் தோலையும் நடுச்சாம்பல், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான சாம்பல், என்றே எண்ணிக்கொள்ளும். நம் கறுப்பு நிறம் வெளிறிப்போவது அதனால்தான். மாநிறத்துக்கு அரை ஸ்டாப், நல்ல கறுப்புக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். கன்ன எலும்பின் மேல் அந்தச் செம்பு மினுமினுப்பு அப்படியே நிற்கும். பிறகு கணினியில் யாரையும் வெளுப்பாக்க வேண்டாம், அந்த நிறத்துக்காகத்தானே இந்த நேரத்தில் வருகிறோம். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், மஞ்சளைக் கழித்துவிடும். 'டேலைட்'டில் வையுங்கள். மூக்குத்தியும் சரிகையும் கண்ணைப் பறித்தால் முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னால் போதும்.

லென்ஸ் 85 எம்எம், அதன் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) தேவைக்கேற்ப.

மேற்கே மேகம் அடைத்துவிட்டாலும் கிளம்பிவிடாதீர்கள். சூரியன் மறைந்த பின்னும் இருபது நிமிடம் வானத்தில் வெளிச்சம் தங்கும். இப்போது ஆளை மேற்குப் பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள். ஷட்டரை 1/125க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றுங்கள். அன்று ஆவி வடிந்த பிறகு அக்காவை நான் எடுத்த ஒரே நல்ல படம் அந்த வெளிச்சத்தில் எடுத்ததுதான். அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.