நின்று பார்ப்பவரை மறக்கும் கண்காட்சிகள்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்சிப்பேழைகளில் உள்ள பொருட்களைப் பற்றி ஒருவரிடம் சில கேள்விகளைக் கேட்டு, விடை தேடி அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பதையும் படமெடுத்து அதில் சேர்த்திருந்தார். ‘அருங்காட்சியகச் சோர்வு’ என்ற பேச்சு அந்தக் கட்டுரையால்தான் பரவியது. நூறாண்டுகளுக்குப் பிறகும் அந்த மனிதர் பட்ட பாட்டை நம் பார்வையாளர்கள் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். வடிவமைப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டடி தொலைவிலுள்ள திரையைப் பார்த்து வேலை செய்கிறார். பார்க்க வருபவரோ கால் கடுக்க நிற்கிறார். கையில் குழந்தை, தோளில் பை, பின்னால் நெரிசல். கண்காட்சிகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முதல் தவறு, வரைபடம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அரங்கின் அளவும் திறப்பு விழாத் தேதியும் வடிவமைப்பு ஸ்டுடியோவுக்குக் கிடைக்கின்றன. என்ன சொல்லப்போகிறோம் என்பது கிடைப்பதில்லை. ஒரு வாரத்தில் பளபளப்பான முப்பரிமாணப் படங்கள் தயாராகின்றன, எல்லோரும் பாராட்டுகிறார்கள், சுவர்கள் எழும்புகின்றன. அதன் பிறகு ஆய்வாளரிடமிருந்து உரை வருகிறது, ஏற்கெனவே வெட்டிவைத்த கட்டங்களுக்குள் அடைக்கப்படுகிறது. பொருட்களின் பட்டியலும், ஒவ்வொன்றையும் ஏன் வைக்கிறோம் என்ற ஒரு வரி விளக்கமும் இல்லாமல் எந்த ஸ்டுடியோவும் சுவர் வரையக் கூடாது. கீழடியில் கிடைத்த, பெயர் கீறிய ஒரு பானை ஓட்டின் முன் நிற்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தக் காலத்தது என்பது. அகழாய்வுக் குழியின் எண்ணும் மண்ணடுக்கின் ஆழமும் ஆய்வறிக்கையில் இருக்கட்டும். ஒரு பொருளுக்கான குறிப்பு ஐம்பது, அறுபது சொற்களைத் தாண்டினால், நிற்பவர் நகர்ந்துவிடுவார்.

தமிழ் எழுத்துக்கு நேரும் கதிதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. தமிழ்நாட்டிலேயே பல பலகைகளின் அமைப்பு ஆங்கில உரையை வைத்து முடிவாகிறது; மிச்சமிருக்கும் இடத்தில் தமிழ் திணிக்கப்படுகிறது. ஒரே செய்தியைச் சொல்லத் தமிழுக்குப் பொதுவாகக் கூடுதல் இடம் வேண்டும். இடம் போதாதபோது எழுத்தின் அளவைக் குறைக்கிறார்கள், பக்கவாட்டில் நெருக்குகிறார்கள், வரி இடைவெளியைச் சுருக்குகிறார்கள். ‘கீ’யின் மேல்சுழி மேலேறும், ‘மூ’வின் வால் கீழிறங்கும்; ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் இவை இரண்டும் மோதிக்கொள்ளும். தலைப்பை எடுப்பாகக் காட்ட எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், ‘கொற்றவை’யின் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து மூன்று தனி எழுத்துகளாகத் தெரியும். குறுகிய பத்தியில் இருபுறமும் ஓரம் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும். சொல்லை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளிடம் விட்டால், வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்த மெய்யெழுத்து வந்து நிற்கும். படிக்கத் தெரிந்த எந்தத் தமிழருக்கும் அது கண்ணில் விழுந்த தூசு.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வரியமைப்பு வசதியை இயக்காமல் யூனிகோடு உரையை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரையை மாற்றாமல் ஒட்டினாலோ பொருளற்ற குறிகளே மிஞ்சும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு இரண்டுமே அழகான கோடுகளாகத்தான் தெரியும். அவர்மீது குற்றமில்லை, தமிழ் அறிந்த ஒருவரை இறுதிக் கோப்பைப் படிக்க வைக்காததே குற்றம். மூல உரையைத் திருத்திவிட்டோமே என்று விட்டுவிடக் கூடாது. அச்சுக்குப் போகும் கோப்பையும் அச்சாகி வந்த பலகையையும் தனித்தனியே படிக்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு பலகையை முழு அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறுபது வயதைக் கடந்த ஒருவரை ஐந்தடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய். இதைச் செய்யாமல் லட்சக்கணக்கில் அச்சிடுகிறார்கள்.

ஒளியில் நடக்கும் தவறுகள் கண்ணுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. காகிதம், நீர்வண்ண ஓவியம், சாயமேற்றிய துணி ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவு. ஒளியின் அளவும் அது விழும் நேரமும் சேர்ந்தே சாயத்தை வெளுக்கச் செய்கின்றன; வெளுத்தது திரும்பாது. இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உச்சி வெயிலில் வெளியே ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் அடிக்கும். அதிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் காலெடுத்து வைப்பவருக்குச் சில நிமிடங்களுக்கு ஒன்றும் தெரியாது. “ஒரே இருட்டாக இருக்கிறதே” என்று திறப்பு விழாவன்று முக்கிய விருந்தினர் சொல்வார், உடனே விளக்குகள் கூட்டப்படும், அப்படியே நிலைத்தும்விடும். அவர் கண் பழகுவதற்குப் படிப்படியாக ஒளி குறையும் ஒரு நடைவழி அமைத்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

கல்லுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் நடுகல்லையும் கீறல் உள்ள பானை ஓட்டையும் நேர் எதிரே விளக்கு வைத்துத் தட்டையாக்கிவிடுகிறார்கள். பக்கவாட்டில் தாழ்வாக ஒளி விழுந்தால்தான் கீறலில் நிழல் நிற்கும், எழுத்து எழுந்து வரும். அதேபோல, சோழர் காலச் செப்புத் திருமேனிகள் முதுகுப்புறமும் முழுமையாக உருவாக்கப்பட்டவை. பலவற்றில் தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், தோளில் புரளும் கூந்தல் எல்லாம் உண்டு. அவற்றைச் சுவரோடு சாய்த்து வைப்பவர் பாதிச் சிற்பத்தை மறைத்துவிடுகிறார்.

பேழை செய்யும் மரப்பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், பசை, புது வண்ணப்பூச்சு ஆகியவை அமில ஆவிகளை விடும். மூடிய கண்ணாடிப் பேழைக்குள் அந்த ஆவி தேங்கினால் ஈயத்தை அரிக்கும். கந்தகம் கலந்த பொருட்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளை இப்படியொரு பேழையில் வைப்பது அவற்றை மெல்லக் கொல்வது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த சோதனை இதற்காகவே இருக்கிறது: பேழைக்கான பொருளின் ஒரு துண்டை வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளுடன் ஈரப்பதம் நிறைந்த மூடிய குடுவையில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 28 நாட்கள் வைத்து, தகடுகள் கெடுகின்றனவா என்று பார்ப்பது. திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு வண்ணம் பூசி, காலையில் பொருளை வைத்து மூடும் நம் வழக்கத்தில் 28 நாட்களுக்கு இடமில்லை. கால அட்டவணையிலேயே அதை எழுதி வாங்க வேண்டும்.

பண்பாட்டு நிறுவனங்களுக்கு லோகோ செய்யும்போது கோபுரம், யானை, ஓலைச்சுவடி, உதயசூரியன் அனைத்தையும் ஒரே வட்டத்துக்குள் வைக்கும் ஆசை எழுகிறது. குழுவில் ஆளுக்கொன்று சொல்ல, யாரையும் மறுக்க மனமில்லாமல் போனதன் விளைவு அது. லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு ஆலன் ஃபிளெட்சர் 1989-இல் செய்த சின்னத்தில் இருப்பவை பெயரின் முதலெழுத்துகளான V, A இரண்டும் நடுவே ‘அண்டு’ குறியும் (&) மட்டுமே. ‘ஏ’யின் ஒரு பாதியை எடுத்துவிட்டார், அதன் குறுக்குக் கோட்டை அந்தக் குறியே நிரப்புகிறது. டிக்கெட்டில் நகமளவு அச்சிட்டாலும் கறுப்பு வெள்ளையிலும் அது நிற்கும். உங்கள் லோகோவை ரப்பர் ஸ்டாம்ப் அளவில் ஒற்றை நிறத்தில் அச்சிட்டுப் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.

ஒரு சமூகத்தின் பொருளைக் காட்சிக்கு வைக்கும்போது அந்தச் சமூகத்தாரைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைப்பது தவறு மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. நீலகிரித் தோடர் பெண்கள் இழைகளை எண்ணி எண்ணித் தைக்கும் பூத்தையலின் இரு பக்கமும் உடுத்தத் தக்கது. எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும், எப்படி மடிய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். முதல் கூட்டத்திலேயே அவர்களுக்கு இருக்கை வேண்டும், அந்த நாளுக்கான கூலியும் வேண்டும், பலகையில் தைத்தவரின் பெயரும் வேண்டும்.

தொடுதிரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பராமரிக்க ஆளும் பணமும் இல்லையென்றால் வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் திறப்பு விழாவோடு ஸ்டுடியோவின் கணக்கை முடிப்பதுதான் இன்னொரு கோளாறு. ஓராண்டுக்கான திருத்த வேலைகளுக்குத் தனியே தொகை ஒதுக்க வேண்டும். பிழை கண்டால் பலகையை மறுபடி அச்சிட மூலக் கோப்புகள், எழுத்துருக்களின் உரிமம், வண்ணங்களின் எண், விளக்குகளின் வகையும் கோணமும் குறித்த படம் ஆகிய எல்லாவற்றையும் கையெழுத்துடன் காப்பாட்சியரிடம் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.