ஒரே பையில் துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி

மூலிகைகளைச் சேர்த்து நடும்போது எது சளிக்கு, எது சட்னிக்கு என்று பார்த்துத்தான் பலரும் கூட்டுச் சேர்க்கிறார்கள். செடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஒரே மண்ணில் இருப்பவை ஒரே தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும். வல்லாரைக்கு மண் எந்நேரமும் சொதசொதவென்று இருக்க வேண்டும். அதே ஈரத்தில் கற்பூரவல்லியின் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். மொட்டைமாடி வெயிலுக்கு ஒத்துப்போகிற மூன்று: துளசி, திருநீற்றுப்பச்சை, கற்பூரவல்லி. புதினாவை இதில் சேர்க்கவே வேண்டாம். மண்ணுக்கடியில் தண்டை ஓட்டி, சில மாதங்களில் பை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி ஆழமுள்ள வளர்ப்புப் பை போதும். அடியிலும், பக்கவாட்டில் அடியை ஒட்டியும் ஆறேழு துளைகள் வேண்டும். மண் நனைந்தால் எடை 40 கிலோவைத் தாண்டும்; அதனால் இடத்தை முடிவு செய்து, செங்கல் மேல் பையை வைத்த பிறகே நிரப்புங்கள். தரையோடு தரையாக வைத்தால் துளை அடைபடும், தளமும் ஊறும்.

கலவை: செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கூடவே இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் இலை நுனி கருகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டுக் கெடுப்பவர்கள் அதிகம். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிரப்பி, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் விட்டுவைத்து நடுங்கள்.

பையைக் கிழக்கு மேற்காக வையுங்கள். மேற்கு ஓரத்தில் துளசி நாற்று, நடுவில் திருநீற்றுப்பச்சை, கிழக்கு ஓரத்தில் கற்பூரவல்லி. ஒவ்வொன்றுக்கும் இடையே 8 அங்குலம். உயரமான துளசி பிற்பகல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். பையின் ஓரம் சீக்கிரம் காய்வதால் கற்பூரவல்லிக்கும் அதுவே தோது. அந்த மூலையில் மட்டும் மண்ணைச் சற்று மேடாக்கினால் இன்னும் நல்லது. திருநீற்றுப்பச்சைக்கு விதை தேடி அலைய வேண்டாம்: சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதுதான். கற்பூரவல்லிக்கு அரைச் சாண் தண்டை ஒடித்து, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு ஊன்றினால் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

தண்ணீரை நாள் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். சித்திரை வெயிலில் தினமும் தேவைப்படும். ஐப்பசி அடைமழையில் பையை மழை நேரடியாக விழாத இடத்தில் வைக்க முடியாவிட்டால், கற்பூரவல்லியில் நாலு தண்டை ஒடித்து வேறொரு சின்னத் தொட்டியில் ஊன்றி வையுங்கள்.

துளசியும் திருநீற்றுப்பச்சையும் அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். கதிர் வந்தால் உடனே கிள்ளுங்கள். விட்டால் இலை சிறுத்து, தண்டு விறகாகும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதற்கு மேல் போட்டால் இலை பெருக்கும், மணம் குறையும்.

துளசித் தண்டில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். எறும்பு வரிசை தெரிந்தால் அதையும் விரட்டுங்கள். எறும்பு இருக்கும்வரை மாவுப்பூச்சி திரும்பி வரும்.

கற்பூரவல்லி நடுச்செடி மேல் சாயத் தொடங்கினால் தயங்காமல் பாதிக்கு வெட்டுங்கள். அன்றைக்கு பஜ்ஜி போட்டுவிடலாம்.