ஏரி மணலாகும் முன்பே காகிதத்தில் காணாமல் போயிருந்தது: கட்டாய வெளியேற்றத்தில் நாம் செய்யும் தவறுகள்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் நடுவே பொயங் காக் என்றோர் ஏரி இருந்தது. கரையில் தூண் நட்டுக் கட்டிய மரவீடுகள், சுற்றுலாப் பயணிகளுக்கான மலிவு விடுதிகள், நீர்ப்பரப்பில் மிதக்கும் கீரைப் பாத்திகள். 2008 ஆகஸ்டில் ஆற்று மணலைக் குழாய் வழியாக அதற்குள் கொட்டத் தொடங்கினார்கள். மணல் ஏற ஏற, தண்ணீர் போக்கிடம் இல்லாமல் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 4,000 குடும்பங்கள் இதில் சிக்கின.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், மக்களுக்கு நிலப் பட்டா வழங்குவதற்காக உலக வங்கி கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறுவதுதான் முதல் தவறு.

வெளிநாட்டுக் கடன், வெளியேற்றம் என்றதும் நம் கண் அணையையும் மேம்பாலத்தையும் தேடுகிறது. எந்தத் திட்டம் வீட்டை இடித்தது என்று கேட்கிறோம். பொயங் காக்கில் இந்தக் கேள்வி எங்கும் கொண்டு சேர்க்காது. ஏரியை நிரப்ப உலக வங்கி ஒரு காசும் தரவில்லை. அதன் திட்டம் 2002இல் தொடங்கியது. 1970களில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் நில ஆவணங்கள் அழிந்துபோன நாடு அது. அதனால், ஐந்தாண்டுகள் தகராறின்றி ஒரு நிலத்தில் குடியிருந்தவர் பட்டா கோரலாம் என்று 2001ஆம் ஆண்டு நிலச் சட்டம் சொன்னது. அந்த உரிமையைக் காகிதமாக்கித் தருவதே திட்டத்தின் வேலை. நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டாக்கள் வழங்கப்பட்டன. அறிக்கையைப் படித்தால் வெற்றிக் கதை. ஆனால் 2006இல் நில அளவையாளர்கள் ஏரிக்கரைப் பகுதிக்கு வந்தபோது அங்கிருந்தவர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2007 பிப்ரவரியில், ஏரியும் கரையுமாக 133 ஹெக்டேர், 99 ஆண்டுக் குத்தகைக்கு 7.9 கோடி டாலர் விலையில் ஆளுங்கட்சி செனட்டர் ஒருவரின் நிறுவனத்துக்குப் போனது. ஆகவே, ஒரு திட்டம் யாருக்கு எதைக் கொடுத்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். வரைபடத்தில் எந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது என்று பாருங்கள்.

ஊழல் என்றால் மேசைக்கு அடியில் கைமாறும் உறை என்று நினைப்பது அடுத்த தவறு. அந்த உறையைத் தேடியே நமது பத்திரிகையாளர்களும் களைத்துப் போகிறார்கள். கம்போடியச் சட்டப்படி ஏரி அரசின் பொதுச் சொத்து. அதை விற்கவோ இப்படி நெடுங்காலக் குத்தகைக்கு விடவோ முடியாது. குத்தகை கையெழுத்தாகி ஒன்றரை ஆண்டு கழித்து, மணல் கொட்டத் தொடங்கிய அதே ஆகஸ்டில், ஓர் அரசாணை ஏரியைப் பொதுச் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்து, கைமாற்றத்தக்க அரசுச் சொத்தாக மாற்றியது. தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்த்த கதை. இங்கே லஞ்சத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஒப்பந்தத்தின் தேதியையும் அரசாணையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். எந்த ஊரானாலும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது தவறு நமக்கு ரத்தத்தில் ஊறியது. "பட்டா இருக்கிறதா? புறம்போக்குதானே?" என்ற ஒரு கேள்வியோடு பேச்சை முடித்துவிடுவோம். குடியிருப்பவர்களே வாயடைத்துப் போவார்கள். உலக வங்கியின் விதி அப்படிச் சொல்லவில்லை. பழைய மறுகுடியமர்வுக் கொள்கையிலும் சரி, 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பில் மறுகுடியமர்வைப் பற்றிய ஐந்தாம் தரத்திலும் சரி, நிலத்தில் எந்தச் சட்ட உரிமையும் இல்லாதவருக்குக்கூட மறுகுடியமர்வு உதவி உண்டு. நிலத்துக்கு விலை கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது: கணக்கெடுப்பை ஒட்டி அறிவிக்கப்படும் கடைசித் தேதி. அதற்குப் பின் குடிவந்தவருக்கு எதுவும் இல்லை. எனவே கணக்கெடுக்க வருகிற நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். வாடகைக்கு இருப்பவர், பின்கட்டில் தனிச் சமையல் வைத்திருக்கும் மகன் குடும்பம், திண்ணையில் தையல் இயந்திரம் போட்டிருக்கும் பெண் ஆகிய எல்லோருடைய பெயரும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். கதவில் எழுதிப்போகும் எண்ணை, வீடும் ஆளும் தெரியும்படி அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். கடைகளுக்கும் இது பொருந்தும். மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் 2004இல், மக்களின் புகார்களை விசாரிக்கும் உலக வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு முறையிட்டவர்களில் குர்லா பகுதிக் கடைக்காரர்களும் இருந்தார்கள். 2006 மார்ச்சில் வங்கி சாலைப் பணிக்கும் மறுகுடியமர்வுக்குமான பணத்தைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது.

கையெழுத்தைச் சம்மதம் என்று எண்ணுவதும் தவறுதான். பொயங் காக்கில் 8,500 டாலர் வாங்கிக்கொள், அல்லது நகருக்கு வெளியே வீடு எடுத்துக்கொள் என்றார்கள். பெரும்பாலானோர் ஏதோ ஒன்றை ஏற்றுக் கிளம்பினார்கள். அடுப்படியில் தண்ணீர் நிற்கும்போது போட்ட கையெழுத்து அது.

கடைசியாக, புகார் விஷயம். இதில் மக்கள் இரண்டு வகையில் ஏமாறுகிறார்கள்: நேரம் கடந்து போவது, போனால் இடிப்பு நின்றுவிடும் என்று நம்புவது. உலக வங்கியின் ஆய்வுக் குழு 1993இல் உருவானது. பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்தாலே முறையிடலாம், தமிழிலேயே எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். பெயரே இல்லாத மனு செல்லாது. அதற்கு முன் வங்கி அதிகாரிகளிடம் குறையைச் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். குழுவின் விதிகளில் 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின் ஒப்புதல் பெற்ற திட்டமானால், அது முடிந்து 15 மாதங்கள் வரை வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. தடையாணை தராது, புல்டோசரைத் திருப்பி அனுப்பாது. அனல் மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழும நிறுவனத்தின் (ஐ.எஃப்.சி.) மீதே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த குஜராத்தின் முந்த்ரா மீனவர்களுக்கு, வழக்குகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு முழு விலக்குரிமை கிடையாது என்று 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தது. ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றங்களுக்குத் திரும்பியபோது தள்ளுபடியானது.

பொயங் காக் மக்களின் முறையீடு 2009 செப்டம்பரில் போனது. அதே மாதம் கம்போடிய அரசு பட்டாத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. வங்கி தன் கொள்கைகளைக் கடைப்பிடிக்கவில்லை என்று ஆய்வுக் குழு கண்டது. 2011 ஆகஸ்டில், இந்த மக்களோடு உடன்பாடு ஏற்படும்வரை கம்போடியாவுக்குப் புதிய கடன் இல்லை என்று வங்கி அறிவித்தது. சில நாட்களிலேயே பிரதமர் ஹுன் சென், எஞ்சியிருந்த குடும்பங்களுக்கு 12.44 ஹெக்டேரை ஒதுக்கி ஆணையிட்டார். அதற்குள் 3,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் போய்விட்டிருந்தன. எஞ்சியவர்களிலும் சில குடும்பங்களின் வீடுகள் எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தன.

2012 மே மாதம், மணலுக்கடியில் போன தங்கள் வீட்டிடத்தை மீட்க முயன்ற குடும்பங்களுக்கு ஆதரவாக மணல்மேட்டில் நின்று பாடிய 13 பெண்களைப் போலீசார் பிடித்தார்கள். இரண்டே நாளில் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் ஜூன் இறுதியில் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 72. 2016இல் வங்கி கம்போடியாவுக்கு மறுபடி கடன் கொடுக்கத் தொடங்கியது.